பொறியாக்க டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிகளும் காப்புரிமை ஆய்வும்

டி.என்.ஏ. இழையொன்றை வார்ப்பாகக் கொண்டு அதற்கு இணையான இழையைக் கட்டும் நொதி டி.என்.ஏ. பாலிமரேஸ். நொதிகளின் அனைத்துலக வகைப்பாட்டில் இதன் எண் 2.7.7.7. உயிரினங்களில் கிடைத்த இந்நொதியின் அமினோ அமிலங்களை மாற்றியோ, ஒரு பகுதியை வெட்டியோ, வேறொரு புரதத்தோடு இணைத்தோ உண்டாக்குபவை பொறியாக்க பாலிமரேஸ்கள். தொற்றுநோய்ச் சோதனை, தடயவியல், மரபணு வரிசையறிதல் ஆகிய துறைகள் இன்று பெரிதும் இவற்றை நம்பியுள்ளன. இத்தகைய நொதிக்குத் தனியுரிமை கேட்டு வரும் விண்ணப்பத்தைக் காப்புரிமை அலுவலகம் பரிசீலிக்கும் முறையும் அதன் வரலாறும் இக்கட்டுரையின் பொருள். தொடக்கத்தில் ஆய்வர்கள் கேட்ட கேள்வி, இது இயற்கைப் பொருளா, மனிதர் ஆக்கமா என்பது. பொறியாக்க நொதிகள் வந்த பின், விண்ணப்பதாரர் சோதனையில் காட்டியது எவ்வளவு, எழுத்தில் கோருவது எவ்வளவு என்பதே முதன்மைக் கேள்வியாயிற்று.

தொடக்கம்

1950களின் நடுப்பகுதியில் ஆர்தர் கோர்ன்பெர்க் எஷரிக்கியா கோலி பாக்டீரியாவிலிருந்து முதல் டி.என்.ஏ. பாலிமரேஸைப் பிரித்தெடுத்தார். 1959இல் செவேரோ ஓச்சோவாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த நொதி வெப்பம் தாங்காதது. வெப்பம் தாங்கும் நொதிக்கான வழி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவின் வெந்நீர் ஊற்றுகளில் திறந்தது. அங்கு கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவைத் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும் 1969இல் விவரித்து, பொது நுண்ணுயிர்ச் சேமிப்பகத்தில் வைத்தனர். சின்சினாட்டி பல்கலைக்கழகக் குழு அதன் பாலிமரேஸை 1976இலும், மாஸ்கோவில் கலேடின் குழு 1980இலும் பிரித்தெடுத்து ஆய்விதழ்களில் வெளியிட்டன. பின்னாளில் டாக் எனப் பெயர்பெற்ற நொதி இதுவே. காப்புரிமை கேட்டு ஒருவரும் விண்ணப்பிக்கும் முன்னரே அது அச்சில் வந்துவிட்டது என்பது பிற்காலச் சண்டைகளுக்கு வித்தாயிற்று.

1983இல் சீட்டஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கேரி மல்லிஸ், டி.என்.ஏ.வைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் பி.சி.ஆர். முறையை உருவாக்கினார். இம்முறையில் ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி இழைகளைப் பிரிக்க வேண்டும். எஷரிக்கியா கோலியின் நொதி அச்சூட்டில் செயலிழப்பதால் சுற்றுக்கொரு முறை புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. டாக் நொதி அந்தத் தொல்லையை நீக்கியது. 95 டிகிரியில் அதன் செயல்திறன் பாதியாகக் குறைய 40 நிமிடம் அளவு ஆகும். முறைக்கான அமெரிக்கக் காப்புரிமைகள் 1987 ஜூலை 28 அன்று வழங்கப்பட்டன. டூபான்ட் நிறுவனம் அவற்றை எதிர்த்தது. ஹர் கோபிந்த் குரானாவின் ஆய்வகத்திலிருந்து 1971இல் வந்த கட்டுரையில் இக்கருத்து ஏற்கெனவே உள்ளது என்பது அதன் வாதம். 1991இல் நடுவர் குழு சீட்டஸ் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் ரோஷ் நிறுவனம் பி.சி.ஆர். உரிமைகளை 30 கோடி டாலருக்கு வாங்கியது.

டாக் காப்புரிமையும் புரோமெகா வழக்கும்

டாக் நொதிக்கான அமெரிக்கக் காப்புரிமை, எண் 4,889,818, 1989 டிசம்பர் 26 அன்று கிடைத்தது. கெல்ஃபாண்ட், ஸ்டோஃபெல், லாயர், சைகி ஆகியோர் கண்டுபிடிப்பாளர்கள். சின்சினாட்டி, மாஸ்கோ கட்டுரைகள் முன்னிருக்க, இது புதிது என்று நிறுவ விண்ணப்பதாரர்கள் மூலக்கூறு எடையைக் கையிலெடுத்தனர். பழைய கட்டுரைகள் 60,000 முதல் 68,000 டால்டன் வரை குறிப்பிட்டிருந்தன. உரிமைகோரல் 86,000 முதல் 90,000 டால்டன் வரையிலான நொதியைக் கேட்டது. முந்தையோர் பிரித்தெடுத்தது வேறு பொருள் என்பது அதன் உட்பொருள்.

1992இல் ரோஷ் புரோமெகா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தபோது இந்த வேறுபாடே விசாரணைக்கு வந்தது. காப்புரிமை ஆவணத்தின் 6ஆம் எடுத்துக்காட்டு, நொதியைத் தூய்மைப்படுத்திய முறையை நடந்து முடிந்த சோதனையாக இறந்தகாலத்தில் எழுதியிருந்தது. எழுதியபடி அச்சோதனை முழுவதும் நடக்கவில்லை என்பது ஆய்வகக் குறிப்பேடுகளிலிருந்து தெரியவந்தது. 1999 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் நடுவண் நீதிபதி வான் வாக்கர், காப்புரிமை அலுவலகத்தைத் தவறாக வழிநடத்தியதால் இக்காப்புரிமையை அமல்படுத்த இயலாது என்றார். 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சில முடிவுகளை ஏற்று, சிலவற்றைத் தள்ளி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. 2004இல் கீழ்நீதிமன்றம் மீண்டும் அதே முடிவுக்கு வந்தது. நடந்த சோதனையை இறந்தகாலத்திலும் எண்ணத்தில் மட்டும் உள்ளதை நிகழ்காலத்திலும் எழுத வேண்டும் என்று அமெரிக்கக் காப்புரிமை வரைவாளர்கள் கைக்கொள்ளும் ஒழுங்குக்கு இவ்வழக்கு பெயர்பெற்ற எடுத்துக்காட்டு.

பொறியாக்க நொதிகளின் வருகை

இயற்கை டாக் நொதியில் குறைகள் இருந்தன. படியெடுக்கும்போது நேரும் பிழையைத் திருத்தும் பகுதி அதற்கில்லை. வரிசையறிதலில் நிறுத்தெழுத்தாகப் பயன்படும் டைடியாக்சி நியூக்ளியோடைடுகளை அது எளிதில் ஏற்பதில்லை. அதை மாற்றியமைக்கும் ஒரு வழி வெட்டுதல்: ஸ்டோஃபெல் துண்டு, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வேய்ன் பார்ன்ஸ் உருவாக்கிய கிளன்டாக் ஆகியவை முன்பகுதி வெட்டப்பட்ட டாக் வடிவங்கள்.

1995இல் ஹார்வர்டில் ஸ்டான்லி டேபரும் சார்லஸ் ரிச்சர்ட்சனும், 832 அமினோ அமிலங்கள் கொண்ட டாக் நொதியில் 667ஆம் இடத்து ஃபினைல்அலனைனை டைரோசினாக மாற்றினாலே டைடியாக்சி நியூக்ளியோடைடுகளை அது நன்றாக ஏற்கும் என்று காட்டினர். டி7 வைரஸின் பாலிமரேஸில் அதற்கு இணையான 526ஆம் இடத்தில் இயற்கையிலேயே டைரோசின்தான் உள்ளது. எஷரிக்கியா கோலியில் அவ்விடம் 762. ஒரே அமினோ அமிலம் ஒரு தொழில்துறையின் தரத்தை மாற்றக்கூடும் என்பது தெளிவாயிற்று.

2001இல் கேம்பிரிட்ஜில் ஃபிலிப் ஹோலிகர் குழு, எண்ணெயில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் ஒவ்வொரு பாலிமரேஸும் தன் மரபணுவைத் தானே பெருக்கும்படி செய்து, வல்லமை மிக்கவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறையை வெளியிட்டது. 2004இல் யான் வாங் குழு, டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் சிறு புரதமொன்றைப் பாலிமரேஸோடு இணைத்து, ஒரே பிடியில் அது படியெடுக்கும் நீளத்தைக் கூட்டியது.

சென்னையில் பிறந்த சங்கர் பாலசுப்பிரமணியன், டேவிட் கிளெனர்மனுடன் 1998இல் நிறுவிய சொலெக்சா நிறுவனத்தின் வரிசையறி முறைக்கும் பொறியாக்க நொதி தேவைப்பட்டது. முனை மூடப்பட்ட நியூக்ளியோடைடுகளை இயற்கை நொதிகள் ஏற்பதில்லை. ஆகவே ஆழ்கடல் வெப்ப ஊற்றில் வாழும் தெர்மோகாக்கஸ் நுண்ணுயிரின் பாலிமரேஸில் 408 முதல் 410 வரையிலான இடங்கள் மாற்றப்பட்டன. 2007இல் சொலெக்சாவை இலுமினா வாங்கியது. அக்காப்புரிமைகளின் உரிமைகோரல்கள் அந்த மூன்று இடங்களோடு நிற்காமல், மற்ற பாலிமரேஸ்களில் செயலளவில் அவற்றுக்கு ஈடான இடங்களையும் உள்ளடக்கின. எல்லையை விரிக்கும் இவ்வகைச் சொல்லாட்சிதான் ஆய்வருக்கும் விண்ணப்பதாரருக்கும் இடையிலான இழுபறிக்கு மையம்.

ஆய்வு நடக்கும் முறை

விண்ணப்பம் வந்ததும் ஆய்வர் அதை அனைத்துலகக் காப்புரிமை வகைப்பாட்டில் சி12என் 9/12 என்னும் பிரிவில் சேர்க்கிறார். நொதியின் வரிசை, 2022 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள எஸ்.டி.26 என்னும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் தரத்தில் தனிக்கோப்பாக இருக்க வேண்டும். அதை மரபணு, புரதத் தரவுத்தளங்களில் ஓட்டிப் பார்ப்பது முதல் வேலை.

புதுமையைத் தாண்டுவது பெரும்பாலும் எளிது. முன்பு வெளிவராத ஒரு மாற்றம் இருந்தால் போதும். கண்டுபிடிப்புப் படி, அதாவது துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றாதது என்னும் தகுதி, கடினமானது. டாக் நொதியின் 667ஆம் இடம் பற்றித் தெரிந்த பின், அதே குடும்பத்தின் வேறொரு நொதியில் இணையான இடத்தை மாற்றி அதே பலனைப் பெற்றால், துறை அறிந்த எவருக்கும் அது தோன்றியிருக்கும் என்று ஆய்வர் மறுக்கலாம். எதிர்பாராத பலன் கிடைத்ததென விண்ணப்பதாரர் சோதனைத் தரவோடு காட்டினால் மறுப்பு தளரும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உரிமைகோரலின் அகலம். ஒரு வரிசையோடு 90 விழுக்காடு ஒத்த எல்லா நொதிகளும் எங்களுடையவை என்று கோருவது வழக்கம். 832 அமினோ அமிலங்களில் 90 விழுக்காடு ஒப்புமை என்றால் 83 இடங்கள் வரை மாறலாம். ஓரிடம் மட்டும் மாறினாலே 15,808 வடிவங்கள். ஈரிடங்கள் மாறினால் 12 கோடியே 47 லட்சத்துக்கு மேல். விண்ணப்பத்தில் சோதித்துக் காட்டியவை பல நேரங்களில் சில பத்து வடிவங்களே. 2023 மே 18 அன்று ஆம்ஜென், சனோஃபி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், செயலால் மட்டும் வரையறுத்த ஒரு பெருங்குழுவைக் கோருபவர் அந்தக் குழு முழுவதையும் உண்டாக்கும் வழியைச் சொல்லித்தர வேண்டும் என்றது. வழக்கு எதிர்ப்புரதங்களைப் பற்றியது. நொதி விண்ணப்பங்களையும் அதே அளவுகோல் கட்டுப்படுத்துகிறது.

இயற்கையா, ஆக்கமா என்ற பழைய கேள்விக்கு மனிதர் மாற்றியமைத்த பாக்டீரியா பற்றிய ஆனந்த சக்கரவர்த்தியின் அமெரிக்க வழக்கு 1980இல் ஆக்கத்தின் பக்கம் விடை தந்தது. 2013இல் மிரியட் வழக்கு, உடலிலிருந்து பிரித்தெடுத்த மரபணு மட்டும் காப்புரிமை பெறாது என்று எல்லை வகுத்தது. வரிசை மாற்றிய பாலிமரேஸ்கள் பொதுவாக அந்த எல்லைக்கு இப்புறம் நிற்பவை.

இந்தியா: சென்னை அலுவலகமும் உயர் நீதிமன்றமும்

இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970, இயற்கையில் உள்ள பொருளைக் கண்டறிவதை 3(சி) பிரிவால் விலக்குகிறது. 2005 திருத்தத்துக்குப் பின் 3(டி) பிரிவு, அறிந்த பொருளின் புதிய வடிவம் அதன் அறிந்த செயல்திறனைக் கூட்டாவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது. இப்பிரிவின் பெயர்பெற்ற வழக்கான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் கிளீவெக் மருந்து விண்ணப்பத்தை 2006இல் மறுத்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம், மருந்துக்குச் செயல்திறன் என்பது நோய் தீர்க்கும் திறனே என்றது. நோய் தீர்க்கப் பயன்படாத நொதிக்கு எதைச் செயல்திறன் என்பது?

இதற்கு வழிகாட்டியது சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 செப்டம்பரில் நோவோசைம்ஸ் நிறுவனத்தின் மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு. நொதி பாலிமரேஸ் அல்ல, கால்நடைத் தீவனத்தில் சேர்க்கும் ஃபைட்டேஸின் மாற்றுவடிவங்கள். தீவனத்தைச் சூடாக்கிக் குருணையாக்கும்போது நொதி கெடாதிருக்க வேண்டும் என்பதே அங்கு தேவை. 3(டி) மருந்துகளுக்கு மட்டுமன்று, உயிர்வேதிப் பொருள்களுக்கும் பொருந்தும் என்று நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி கூறினார். ஆனால் கூடுதல் வெப்பத் தாங்குதிறனைத் தரவுகள் காட்டுவதால் விண்ணப்பத்தை அப்பிரிவு தடுக்காது என்று சொல்லி, அலுவலகத்தின் மறுப்பை நீக்கினார். வெப்பம் தாங்குவதையே உயிராகக் கொண்ட பாலிமரேஸ்களுக்கு இந்தத் தர்க்கம் நேராகப் பொருந்தும்.

நொதிக்கு மூலமான நுண்ணுயிர் இந்தியாவில் எடுக்கப்பட்டதாயின் மற்றொரு கட்டமும் உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையத்தின் நடைமுறைகளைக் காப்புரிமை வழங்கலோடு இணைக்கிறது.

மலேசியா

மலேசியாவில் 1986 அக்டோபர் 1 வரை தனி ஆய்வு முறை இல்லை. பிரிட்டனில் பெற்ற காப்புரிமையை இங்கு பதிவு செய்வதே வழி. அன்று நடப்புக்கு வந்த 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கண்டறிதல்களை விலக்குகிறது; தாவர, விலங்கு இனங்களையும் விலக்குகிறது; ஆனால் மனிதர் உண்டாக்கிய நுண்ணுயிர்களையும் நுண்ணுயிர்ச் செயல்முறைகளின் விளைபொருள்களையும் அந்த விலக்கிலிருந்து எடுத்துவிடுகிறது. பொறியாக்க பாலிமரேஸ் நுழையும் வாசல் இதுவே. அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், ஆஸ்திரேலியா, தென்கொரியா, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஆகியவற்றில் ஏற்கெனவே வழங்கப்பட்ட காப்புரிமையை ஆதாரமாகக் கொண்டு சுருக்க ஆய்வு கோரும் வழியும் உண்டு. எனவே வெளிநாட்டில் கோரலைக் குறுக்கிய விவாதத்தின் விளைவு இங்கும் வந்துசேர்கிறது. 2006இல் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலும், 2022இல் நுண்ணுயிர்ச் சேமிப்புக்கான புடாபெஸ்ட் ஒப்பந்தத்திலும் நாடு சேர்ந்தது.

பேராக் மாநிலத்துக்கு இப்பொருளோடு இரு தொடர்புகள் உண்டு. 1998 செப்டம்பர் இறுதியில், கிந்தா பள்ளத்தாக்கின் பன்றிப் பண்ணைகளை ஒட்டி மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாகக் கருதப்பட்டது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் வைரஸைப் பிரித்தெடுத்த பின்னரே அது நிப்பா எனத் தெரிந்தது. நாடு முழுவதும் 105 பேர் இறந்தனர். இத்தகைய ஆர்.என்.ஏ. வைரஸை இன்று விரைந்து இனங்காணும் சோதனைகள், ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாகப் படியெடுக்கும் நொதியையும் வெப்பம் தாங்கும் பாலிமரேஸையும் சேர்த்துப் பயன்படுத்துகின்றன.

இரண்டாவது தொடர்பு வெந்நீர் ஊற்றுகள். ஈப்போவுக்குத் தெற்கே சுங்காய் அருகிலுள்ள சுங்கை கிளா ஊற்றின் வெப்பநாட்ட நுண்ணுயிர்களை மலேசிய ஆய்வாளர்கள் டி.என்.ஏ. வரிசையறிதல் மூலம் ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். யெல்லோஸ்டோன் பாக்டீரியாவிலிருந்து வந்த டாக் நொதியின் வருமானத்தில் அப்பூங்காவுக்குப் பங்கேதும் கிடைக்கவில்லை. அத்தகைய நிலை இங்கு நேராதிருக்க, 2017ஆம் ஆண்டின் உயிரியல் வளங்களை அணுகுதல், பயன்பகிர்தல் சட்டம் 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில் உள்ளது. ஊற்றிலிருந்து நுண்ணுயிரை எடுத்து ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் பயன்படுத்துவோர் அனுமதி பெற வேண்டும். வணிகப் பயன் வந்தால் அதைப் பகிர்வதற்கும் ஒப்பந்தம் தேவை.

இன்றைய நிலை

பி.சி.ஆர். முறைக்கான அடிப்படை அமெரிக்கக் காப்புரிமைகள் 2005 மார்ச் 28 அன்று காலாவதியாயின. இயற்கை டாக் நொதியை இன்று எந்த ஆய்வகமும் தானே ஆக்கிக்கொள்ளலாம். தனியுரிமை இப்போது மேம்படுத்திய வடிவங்களில் உள்ளது: இரத்தத்தில் உள்ள தடைப்பொருள்களைத் தாங்குபவை, ஆர்.என்.ஏ.வையும் படிப்பவை, செயற்கை நியூக்ளியோடைடுகளை ஏற்பவை. கணினி நிரல்கள் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான புரத வரிசைகளை முன்மொழியத் தொடங்கியிருப்பதால், வரிசையை எழுதிக்காட்டுவது மட்டும் கண்டுபிடிப்பாகிவிடுமா என்ற கேள்வி ஆய்வர்களின் முன் நிற்கிறது. புரோமெகா வழக்கு முதல் நோவோசைம்ஸ் தீர்ப்பு வரை கிடைத்த விடைகள் ஒரே பக்கம் சாய்கின்றன: முன்மொழிந்த வடிவத்தை உண்டாக்கி, அளந்து, அளவீட்டை ஆவணத்தில் வைத்தவரின் கோரிக்கையே நிலைக்கிறது.