எட்ட நின்று பார்த்தல்

தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் உள்ள நடுகற்களின் முன் சற்று நேரம் நின்றவர்கள், அந்த மண்ணின் பழைய வாழ்வு எத்தகையது என்பதை ஓரளவு உணர்ந்திருப்பார்கள். ஆநிரை மீட்கும் பூசலில் மாண்டவர்களுக்கே இப்பகுதியில் கற்கள் மிகுதி. ஆயினும் தமிழகத்தின் வேறு பல இடங்களைப் போலவே, புலியோடு பொருது மடிந்தவர்களுக்கும் இங்கே கல் எடுத்திருக்கிறார்கள். புலிகுத்திக் கல் என்று அவற்றைச் சொல்கிறோம். அக்கற்களில் மனிதனுக்கும் விலங்குக்கும் இடைப்பட்ட தொலைவு ஓர் ஈட்டியின் நீளம் மட்டுமே.

அந்தத் தொலைவு பிற்காலத்தில் துப்பாக்கியால் நீண்டது. பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974) எழுதிய வேட்டைக் கதைகளில் பென்னாகரம், ஒகேனக்கல், ஜவளகிரி முதலிய ஊர்ப்பெயர்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. அன்று அவை சேலம் மாவட்டத்தின் வடபகுதி. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஆண்டர்சனும் தம் பிற்காலத்தில் துப்பாக்கியைக் காட்டிலும் காமிராவையே நாடினார். ஆனால் காமிராவைக் கையில் எடுத்தவுடன் ஒரு பழைய இடர் புதிய வடிவில் திரும்பி வருகிறது. துப்பாக்கிக் குண்டு கடக்கும் தொலைவைச் சாதாரண லென்ஸ் கடப்பதில்லை. விலங்கு தெளிவாகப் பதிய வேண்டுமானால் மனிதன் நெருங்கியாக வேண்டும்.

இன்று கைப்பேசியின் முகப்பில் பொருத்தும் சிறிய தொலைவு லென்ஸ்கள் விற்பனைக்கு வந்துவிட்டன. விளையாட்டுப் பொருள் என்று பலர் ஒதுக்கிவிடும் அந்தக் குழலுக்கு நானூறு ஆண்டு முன்வரலாறு உண்டு. அதன் ஒரு முக்கியமான அத்தியாயம் தமிழகத்தில் எழுதப்பட்டது.

1609இல் கலிலியோ தம் தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். முன்னே குவிவில்லை, பின்னே குழிவில்லை என்பதே அதன் அமைப்பு. அவ்விரு வில்லைகளையும் தக்க இடைவெளியில் வைத்தால் பெரிய பிம்பத்தை ஒரு திரையில் வீழ்த்தவும் கூடும் என்பதை 1611இல் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் விளக்கினார். புகைப்படக் கலை பிறந்து அரை நூற்றாண்டு கழிந்தபின், 1891இல் இங்கிலாந்தில் டால்மேயர், ஜெர்மனியில் மீதே, ஷ்டைன்ஹைல் ஆகிய மூவரும் தனித்தனியே டெலிபோட்டோ லென்ஸை உருவாக்கினர். ஒரு மீட்டர் குவியத் தூரமுள்ள எளிய லென்ஸுக்கு ஒரு மீட்டர் நீளக் குழல் வேண்டும். பின்னே ஒரு குழிவில்லைத் தொகுதியைச் சேர்த்தால் குழல் பெரிதும் சுருங்கும். இதுவே அவர்கள் கண்ட பயன்.

எனினும் அந்நாளைய படச்சுருளின் வேகம் காட்டின் குறையொளிக்குப் போதவில்லை. வட இந்தியாவில் வனத்துறை அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920களில் வேறு வழியை மேற்கொண்டார். புலி நடக்கும் தடத்தில் கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டதும் காமிராவும் மின்னொளியும் தாமே இயங்கும்படி செய்தார். மனிதன் அங்கே இல்லாமலே படம் பதிந்தது. அவருடைய நூல் 1927இல் வெளிவந்தது.

தமிழ் இலக்கிய வாசகர்களுக்கு அ. மாதவையாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அவருடைய இளைய மகன்தான் மா. கிருஷ்ணன் (1912–1996). கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் தாம் மறையும் வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதியவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற நூலாகத் தொகுத்திருக்கிறார். தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த கள ஆய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வெளியீடாக வந்தது.

கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தார். தமக்கு வேண்டிய கருவி கடையில் கிடைக்காதபோது தாமே அதைக் கூட்டி உருவாக்கிக்கொண்டார். ஒரு நிறுவனத்தின் காமிரா உடல், வேறொன்றின் தொலைவு லென்ஸ், இரண்டையும் பிணைக்கத் தம் கையால் அமைத்த பாகங்கள் என்று அது ஓர் ஒட்டுக்கருவி. 'சூப்பர் பொன்டரோசா' என்று அவரே அதற்குப் பெயரிட்டார். அதன் கனத்தைத் தாமே கேலி செய்துகொண்ட பெயர் அது. முதுமலை யானைகளின் கூட்ட வாழ்வைக் காட்டும் அவருடைய படங்களில் விலங்குகள் காமிராவைப் பொருட்படுத்தாமல் தம் போக்கில் மேய்கின்றன. இதை அழகு என்பதோடு சான்று என்றும் கொள்ளலாம். அஞ்சிய விலங்கையோ சினந்த விலங்கையோ கொண்டு அதன் இயல்பை எழுத முடியாது.

பொன்டரோசாவின் பின்னணியில் இருந்த தேவை இன்று எல்லோருடைய தேவையும் ஆகிவிட்டது. கைப்பேசியின் முதன்மைக் காமிரா பெரும்பாலும் 24 மில்லிமீட்டருக்கு இணையான அகல்கோண லென்ஸைக் கொண்டது; அறைக்கும் முகத்துக்கும் ஏற்றது. 3 மீட்டர் உயரமுள்ள யானை அதன் சட்டத்தில் கால் பங்கு உயரத்துக்குத் தெரிய வேண்டுமானால், ஏறத்தாழ 11 மீட்டர் தொலைவில் நிற்க வேண்டும். ஆசிய யானைகள் விநாடிக்கு 6.8 மீட்டர் வரை விரையக்கூடும் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. அந்த 11 மீட்டரை யானை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். 200 மில்லிமீட்டருக்கு இணையான லென்ஸ் இருந்தால் ஏறத்தாழ அதே படத்தை 100 மீட்டரிலிருந்து எடுக்கலாம். அதைக் கடக்க யானைக்குப் பதினான்கு விநாடிக்கு மேலாகும்.

இது வெறும் கணக்கு அன்று. 2023 மே மாதத்தில் ஒகேனக்கல் சாலையோரம் நின்ற ஆண் யானையின் அருகே ஒருவர் சென்று கைகூப்பி நின்ற காட்சி நாடெங்கும் பரவியது. வனத்துறை அவருக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அந்த யானை பொறுத்துப் போயிற்று. எல்லா யானையும் எல்லா நாளும் பொறுக்கும் என்று சொல்வதற்கில்லை.

கைப்பேசிக்கான ஒட்டு லென்ஸ் உண்மையில் ஒரு குட்டித் தொலைநோக்கி. ஒளியைப் பெருக்கிக் கைப்பேசி லென்ஸிடம் ஒப்படைக்கும். குவிப்பது கைப்பேசியின் வேலை. இரு மடங்கு பெருக்கும் ஒட்டை முதன்மைக் காமிராவில் மாட்டினால் 24 மில்லிமீட்டர் 48 ஆகும். யானைக்கு அது போதாது. மடங்கு கூடக்கூட முகப்பு வில்லையும் அதே விகிதத்தில் பெருக்க வேண்டும். இல்லையேல் படத்தின் ஓரங்கள் இருளும். வில்லை பெருத்தால் எடை கூடும். எடை கூடினால் அச்சு சாயும். கைநடுக்கமும் அதே மடங்கு பெருகும். ஒற்றை வில்லை நிறங்களைப் பிரிப்பதால் மரக்கிளைகளின் விளிம்பில் ஊதாக் கோடு படரும். அதை நீக்க இருவகைக் கண்ணாடிகளை இணைக்கும் முறையைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டறிந்துவிட்டார்கள்; ஆனால் அது விலையைக் கூட்டும். ஆகவே, கைப்பேசியிலேயே தொலைவு லென்ஸ் அமைந்த பிறகுதான் ஒட்டுக்கு உண்மையான பயன் வந்தது. 2025இல் விவோ நிறுவனம் தன் எக்ஸ்200 அல்ட்ரா கைப்பேசியின் 85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 2.35 மடங்கு ஒட்டை வெளியிட்டது. இரண்டும் சேர்ந்து 200 மில்லிமீட்டர். பொன்டரோசாவைப் போலவே இதுவும் இரண்டு கருவிகளின் கூட்டுதான்.

இந்த மாவட்டத்தின் காடுகளும் இதற்கிடையே சட்டப் பாதுகாப்பைப் பெற்றுள்ளன. காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இலும், காவிரி தெற்கு 2022இலும் அறிவிக்கப்பட்டன. யானையோடு சாம்பல் நிற மலையணிலும் நீர்நாயும் முதலையும் வாழும் இடம் இது. நண்பகலில் ஆற்றுப் பாறைகளின் மேல் எழும் கானலை எந்த லென்ஸும் வெல்ல முடியாது. அங்கே காலை வேளையும் பொறுமையும்தான் கருவிகள். கிருஷ்ணன் அவ்விரண்டையும் தம் ஒட்டுக்கருவியோடு சேர்த்தே சுமந்தார்.

இனி ஒருவர் இத்தகைய லென்ஸை உருவாக்க முனைந்தால், அதைச் சோதிப்பதற்கு ஆய்வுக்கூடத்தின் கோடிட்ட அட்டை மட்டும் போதாது என்று நாம் கருதுகிறோம். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் செல்லும் சாலையில், வண்டியை விட்டு இறங்காமல், யானை தலை நிமிர்த்திப் பார்க்காதபடி ஒரு நல்ல படம் எடுக்க முடிகிறதா? முடிந்தால் அந்தக் குழல் தன் விலைக்குத் தகுதியானது.