மின்னொலி ப்ளூஸ் ஹார்மோனிகா: தொடக்கக் கருவிகள்

பத்துத் துளை டயட்டோனிக் ஹார்மோனிகாவையும் மைக்கையும் சேர்த்துக் கைக்குள் பொத்தி, வால்வு ஆம்ப்ளிஃபயர் வழியே கரகரத்த தொனியில் வாசிக்கும் முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிகாகோவில் வளர்ந்தது. ஹார்மோனிகா கலைஞர் லிட்டில் வால்ட்டரின் ‘ஜூக்’ (1952) இதன் தலையாய பதிவு.

தொடங்குபவருக்கு ‘சி’, ‘ஏ’ சுருதிகளில் இரு ஹார்மோனிகாக்கள் போதும். ப்ளூஸில் பெரிதும் இரண்டாம் நிலை வாசிப்பே (கருவியின் சுருதிக்கு ஐந்தாம் சுரத்தைப் பாடலின் சுருதியாகக் கொள்வது) வழங்குவதால் ‘சி’ கருவி ‘ஜி’ சுருதிப் பாடலுக்குப் பயன்படும். ஷூர் கிரீன் புல்லட், அஸ்டாட்டிக் ஜேடி-30 ஆகியவை மரபான மைக்குகள். பாடகருக்கான டைனமிக் மைக்கைக் கிட்டார் ஆம்ப்பில் இணைக்க மின்மறுப்பைப் பொருத்தும் மின்மாற்றி தேவை. வீட்டுப் பயிற்சிக்கு 5 வாட் வால்வு ஆம்ப் தாராளம். ஊளைச் சத்தம் எழுந்தால் ட்ரெபிளையும் ஒலியளவையும் குறைக்க வேண்டும். விலையுயர்ந்த மைக்கைவிடக் காற்றுக் கசியாமல் கைகளால் பொத்திப் பிடிப்பதே தொனியை மிகுதியும் தீர்மானிக்கிறது.