ரமலான் விடைபெற்ற பின் மனத்தை ஆற்றும் துஆக்கள்

ஷவ்வால் பிறை அறிவிக்கப்பட்ட இரவே தராவீஹ் தொழுகை நின்றுவிடுகிறது. மறுநாள் மாலை சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலிலோ டன்லப் ஸ்திரீட்டிலுள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலிலோ நோன்புக் கஞ்சிக்கு வரிசை இல்லை. பெருநாள் விருந்தும் உறவினர் வருகையும் ஓய்ந்ததும் பலருக்கு மனத்தில் ஒரு வெறுமை தோன்றும். ஒரு மாதம் ஸஹருக்கு எழுந்து பழகியவர் அதே நேரத்தில் விழித்து, செய்ய எதுவுமில்லாமல் படுத்திருப்பார்.

இந்த வருத்தத்துக்கென்றே நபிமொழிகளில் தனியாக ஒரு துஆ வகுக்கப்படவில்லை. பெருநாளை ஒட்டி வாட்ஸ்அப்பில் சுற்றும் ‘ரமலான் வழியனுப்பு துஆ’வை நபிமொழி என்று நம்பிப் பகிரும் முன், அதன் மூலம் எதுவென்று இமாமிடம் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனால், கவலையும் துக்கமும் நீங்க நபிகள் நாயகம் (ஸல்) கேட்ட பொதுவான துஆக்கள் உண்டு. அவையே இதற்கும் பொருந்தும்.

அவற்றுள் அதிகம் ஓதப்படுவது, நபிகளாரின் பணியாளராக இருந்த அனஸ் (ரலி) அறிவித்து புகாரி தொகுப்பில் இடம்பெற்றுள்ள துஆ. நபிகளார் இதை அடிக்கடி ஓதக் கேட்டதாக அவர் சொல்கிறார். எட்டு விஷயங்களிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆ இது. முதல் இரண்டும் ‘ஹம்ம்’, ‘ஹஸன்’. வரப்போவதை எண்ணிக் கலங்குவது ஹம்ம், கடந்துபோனதை எண்ணி வருந்துவது ஹஸன் என்று விளக்கவுரையாளர்கள் பிரித்துக் காட்டுவர். ரமலான் போய்விட்டதே என்பது ஹஸன். அடுத்த ரமலானுக்கு இருப்போமா என்பது ஹம்ம்.

அடுத்து வருபவை இயலாமையும் சோம்பலும். ஷவ்வால் முதல் வாரத்திலேயே ஃபஜ்ர் தொழுகையின் வரிசைகள் குறைவதைப் பார்த்தவர்களுக்கு, துக்கத்தை அடுத்து இவை ஏன் வருகின்றன என்று விளக்க வேண்டியதில்லை. பிறகு கஞ்சத்தனம், கோழைத்தனம். இறுதியாகக் கடன் சுமை, பிறரின் அடக்குமுறை. பெருநாள் செலவுக்குப் பின் வரும் கடன் அட்டைக் கணக்கை நினைத்தால் கடனும் சரியான இடத்தில்தான் இருக்கிறது.

இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் இன்னொரு துஆ முஸ்னத் அஹ்மதில் உள்ளது. குர்ஆனையே உள்ளத்தின் வசந்தமாகவும் துக்கத்தைப் போக்கும் மருந்தாகவும் ஆக்கித்தருமாறு வேண்டுவது அது. ரமலானில் குர்ஆனை ஓதி முடித்து மூடி வைத்தவருக்கு, திரும்பத் திறக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

வருத்தம் தீர வேண்டும் என்பதைவிட, செய்த வணக்கம் ஏற்கப்பட வேண்டும் என்ற கவலையே முன்னோரிடம் மிகுந்திருந்தது. இப்ராஹீம் நபியும் இஸ்மாயீல் நபியும் கஅபாவின் சுவரை எழுப்பும்போதே அதை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டியதைக் குர்ஆன் கூறுகிறது (2:127). முற்காலத்தவர் ரமலானை அடைய ஆறு மாதமும், அது ஏற்கப்பட ஆறு மாதமும் துஆ செய்தனர் என்ற செய்தியை இப்னு ரஜப் தமது ‘லதாயிஃபுல் மஆரிஃப்’ நூலில் பதிவு செய்துள்ளார். “தகப்பலல்லாஹு மின்னா வமின்கும்” என்று பெருநாளில் நாம் சொல்லும் வாழ்த்தும் உண்மையில் ஒரு துஆதான். எங்களிடமிருந்தும் உங்களிடமிருந்தும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக என்பது அதன் பொருள்.

ரமலானையே ஒரு தோழராக எண்ணி ஸலாம் கூறி வழியனுப்பும் துஆவும் உண்டு. நபிகளாரின் கொள்ளுப்பேரர் ஜைனுல் ஆபிதீன் பெயரில் வழங்கும் ‘ஸஹீஃபா சஜ்ஜாதிய்யா’வில் அது 45ஆவது துஆ. குறிப்பாக ஷியா முஸ்லிம்களிடையே அது ஓதப்படுகிறது. மாதம் பிரிவதற்கு வருந்துவது பலவீனமான நம்பிக்கையின் அடையாளமல்ல என்பதற்கு அதுவே சான்று.

நோய், மாதவிடாய், பேறுகால இரத்தப்போக்கு ஆகியவற்றால் நோன்பை விட்டவர்களின் வருத்தம் இன்னும் ஆழமானது. இரவு முழுதும் சமையலறையில் நின்ற பெண்கள் பலர், ரமலான் தங்களைக் கடந்துபோனதாகவே உணர்கிறார்கள். மாதவிடாய் நாள்களிலும் துஆவுக்கும் திக்ருக்கும் தடையில்லை. விடுபட்ட நோன்புகளைப் பின்னர் ‘களா’வாக நோற்கலாம்.

ஷவ்வாலின் ஆறு நோன்புகள் எல்லாருக்கும் திறந்திருக்கும் வாசல். ரமலானுடன் இவற்றையும் நோற்றவர் காலமெல்லாம் நோற்றவரைப் போன்றவர் என்ற நபிமொழியை அபூ அய்யூப் (ரலி) அறிவிக்கிறார். முஸ்லிம் தொகுப்பில் உள்ளது. நன்மை ஒன்றுக்குப் பத்து என்பதால் 36 நோன்பு 360 நாளாகிறது. பெருநாளன்று மட்டும் நோன்பு கூடாது. மறுநாளிலிருந்து தொடர்ச்சியாக நோற்பது சிறப்பு என்பது ஷாஃபிஈ மத்ஹப்; திறந்த இல்ல விருந்துகள் நீளும் மாதம் என்பதால் பலர் விட்டுவிட்டும் நோற்கிறார்கள், அதற்கும் அனுமதி உண்டு.

அரபு உச்சரிப்பு வராதவர்கள் தயங்க வேண்டாம். தொழுகைக்கு வெளியே கேட்கும் துஆவைத் தமிழிலேயே கேட்கலாம்.