மூன்று சபைகளின் சான்று: ஐசக் பாக்கஸின் தயக்கத்தை மறுபடி வாசித்தல்

நியூ இங்கிலாந்து பாப்திஸ்துகளைப் பற்றிய ஆய்வுகளில் ஒரு முடிவு ஏறக்குறைய கேள்வியின்றி நிலைத்துவிட்டது. சமய சுதந்திரம் தனிமனித மனச்சாட்சியிலிருந்து பிறந்தது என்றும், சபைகளுக்கிடையிலான ஐக்கியம் அரசின் வரிக்கொடுமையைச் சமாளிக்கப் பின்னர் ஏற்பட்ட ஏற்பாடு என்றும் அது கூறுகிறது. ஒன்றுகூடியதற்கு விலையாகச் சபைகள் தங்கள் சுதந்திரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தன என்பது இதன் உட்கிடை. இதற்குத் தவறாமல் காட்டப்படும் சான்று, சபைச் சங்கத்தில் சேரப் போதகர் ஐசக் பாக்கஸ் காட்டிய தயக்கம். அந்தச் சான்று எதிர்த்திசையில்தான் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1767 செப்டம்பரில் ரோட் ஐலண்டின் வாரன் ஊரில், ஜேம்ஸ் மானிங்கின் முயற்சியால் பாப்திஸ்து சபைகளின் வாரன் சங்கம் தொடங்கப்பட்டது. பதினொரு சபைகளின் பிரதிநிதிகள் வந்திருந்தும் நான்கு சபைகளே சேர்ந்தன. மிடில்பரோ முதலாம் சபையின் போதகரான பாக்கஸ் வெளியிலேயே நின்றார். அவருடைய சபை சேர்ந்தது 1770-இல். இந்தத் தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் கனெக்டிகட் குடியேற்றத்தின் சேபுரூக் ஒழுங்குமுறை. 1708-இல் வகுக்கப்பட்ட அந்த ஏற்பாடு வட்டாரச் சபைகளின் கூட்டத்துக்குத் தனிச் சபையின் மேல் தீர்ப்பு வழங்கும் அதிகாரத்தைத் தந்தது. நார்விச்சில் பிறந்து வளர்ந்த பாக்கஸுக்கு அதன் கசப்பு தெரியும். காரணம் சரியானதே. ஆனால் சேபுரூக் காங்கிரிகேஷனல் சபைகளின் விவகாரம். பாப்திஸ்து சபைகள் ஒன்றையொன்று மதிப்பிடும் உரிமையைக் குறித்து ஒரு பாப்திஸ்து போதகர் ஏன் அஞ்ச வேண்டும் என்பதற்கு அதில் முழு விடை இல்லை.

விடையின் மறுபாதி, என் கணிப்பில், 1752–53-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் இயற்றிய ஒரு விதியில் இருக்கிறது. அரசு ஆதரவு பெற்ற சபையின் போதகருக்கான வரியிலிருந்து பாப்திஸ்துகளுக்கு விலக்கு ஏற்கெனவே இருந்தது. பெரும் எழுப்புதலுக்குப் பின் காங்கிரிகேஷனல் சபைகளிலிருந்து பிரிந்தவர்கள் பலர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்று அந்த விலக்கைக் கோரத் தொடங்கினார்கள். அதைத் தடுக்கவே இந்த விதி. ஒரு பாப்திஸ்து சபை தன் உறுப்பினருக்கு வரிவிலக்குக்கான சான்றிதழ் தர வேண்டுமானால், அந்த மாகாணத்திலோ அண்டை மாகாணங்களிலோ உள்ள வேறு மூன்று பாப்திஸ்து சபைகள் அதைத் தங்கள் மரபைச் சேர்ந்த சபை என்று முதலில் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வரலாற்றாசிரியர்கள் இந்த விதியை வரிச்சட்டங்களின் வரிசையில் ஒன்றாகக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து போகிறார்கள். நின்று வாசிக்க வேண்டிய இடம் இது. இந்தச் சட்டத்தில் அரசு யாருடைய விசுவாசத்தையும் நேரடியாகச் சோதிக்கவில்லை. அந்தச் சோதனையைப் பாப்திஸ்து சபைகளிடமே ஒப்படைத்தது. ஒரு சபை இன்னொன்றைச் சகோதர சபையாக ஏற்பது அதுவரை அன்பையும் உபதேசத்தையும் சார்ந்த காரியம். இப்போது அந்த ஏற்பு மறுக்கப்பட்டால் ஒருவரின் மாடும் நிலமும் ஏலத்துக்குப் போகலாம், அவரே சிறைக்கும் போகலாம். புதிதாகப் பிரிந்து வந்தவர்களுக்கு அந்த ஏற்பு எளிதில் கிடைக்கக்கூடியதும் அல்ல. ஜெரமையா காண்டியின் கீழிருந்த பாஸ்டன் முதலாம் பாப்திஸ்து சபை எழுப்புதலிலிருந்து விலகியே நின்றது. பழைய சபைகளுக்கும் புதியவற்றுக்கும் உபதேசத்திலும் இடைவெளி இருந்தது. ஆக, சபைகளின் ஐக்கியத்தையே வரிவசூலின் கருவியாக்கிய சட்டம் இது.

இதோடு பாக்கஸின் வாழ்க்கைத் தேதிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1751-இல் அவர் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார். 1752 அக்டோபரில் அவருடைய தாய் எலிசபெத், கனெக்டிகட்டில் சபை வரி கட்ட மறுத்துச் சிறை சென்றார். மிடில்பரோவில் அவர் பாப்திஸ்து சபையை நிறுவியது 1756 ஜனவரியில். மூன்று சபைகளின் சான்று கேட்ட விதி நீங்கி, போதகரும் மூன்று முக்கிய உறுப்பினர்களும் கையொப்பமிட்டால் போதும் என்றானது 1757-இல்தான். பாக்கஸின் சபை அந்த விதியின் கீழ் பிறந்த சபை. அவருடைய தயக்கத்துக்கு இதுவே ஒரே காரணம் என்று நான் நிறுவ முயலவில்லை. ஆனால் சக சபைகளின் ஒப்புதலுக்குச் சட்டவலிமை கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய அவருக்குச் சேபுரூக் தேவைப்பட்டிருக்காது.

இந்தப் பின்னணியில்தான் 1769-இல் வாரன் சங்கம் திருத்தி வெளியிட்ட அமைப்புத் திட்டம் பொருள்படுகிறது. சங்கம் ஆலோசனை கூறும் மன்றமன்றி வேறல்ல, தனிச் சபைகளின் மேல் அதற்கு மேலாண்மையோ ஆள்வரம்போ கட்டாய அதிகாரமோ இல்லை, அது தவறாதது என்றும் உரிமை கொண்டாடவில்லை என அத்திட்டம் அறிவித்தது. பிலடெல்பியா சங்கத்திடமிருந்து இரவல் வாங்கிய வாசகம் இது என்பார்கள். பிலடெல்பியாவின் தாக்கம் உண்மை. ஆயினும் வெளியே நின்ற சபைகளின் அச்சத்தைத் தீர்க்கவே வாரனில் இந்தத் திருத்தம் நடந்தது. இதை ஏற்றபின் பாக்கஸின் சபை உள்ளே வந்தது. அவர் ஐக்கியத்துக்காகச் சுதந்திரத்தை விட்டுக்கொடுத்தார் என்பதற்கு இங்கே இடமே இல்லை. கட்டாயம் நீங்கிய இடத்தில்தான் அவரால் ஐக்கியம் கொள்ள முடிந்தது.

அதே 1769-இல் சங்கம் குறைகளைத் திரட்டும் குழுவை அமைத்தது. 1770-இல் ஆஷ்ஃபீல்டில் பாப்திஸ்துகளின் 398 ஏக்கர் நிலம் வரிக்காக விற்கப்பட்டபோது இக்குழு லண்டன் வரை முறையிட்டது. 1771-இல் மன்னர் அந்த விற்பனைக்கு வழிவகுத்த சட்டத்தைத் தள்ளுபடி செய்தார். 1772-இல் சங்கத்தின் முகவராகப் பொறுப்பேற்ற பாக்கஸ், மறு ஆண்டு சான்றிதழ் தருவதையே நிறுத்தும்படி சபைகளை அழைத்தார். அந்த ஆண்டு அவர் வெளியிட்ட சமய சுதந்திர வேண்டுகோளின் மையவாதம், சான்றிதழ் தருவதே ஒரு பிரிவை மற்றொன்றின் மேல் உயர்த்தும் உரிமை அரசுக்கு உண்டென்று ஒப்புக்கொள்வதாகும் என்பது. சுதந்திரக் கோரிக்கையின் மிகக் கூர்மையான இந்த வடிவம் தனியொருவரின் மறுப்பாக நின்றுவிடவில்லை. சபைகள் சேர்ந்து செய்ய வேண்டிய செயலாகவே அது முன்வைக்கப்பட்டது.

இதெல்லாம் பணத்துக்காக நடந்த போராட்டம் என்ற ஆட்சேபத்துக்கு நெடிய மறுப்பு வேண்டியதில்லை. சான்றிதழ் நகலின் கட்டணம் நான்கு பென்ஸ். பணமே குறி என்றால் அதைக் கட்டி விலக்கைப் பெறுவதே லாபம்.

சமயம் கடவுளுக்கும் தனிமனிதனுக்கும் இடையிலானது என்று பாப்திஸ்துகளே எழுதவில்லையா என்று கேட்கலாம். 1801-இல் டான்பரியிலிருந்து ஜெபர்சனுக்குச் சென்ற கடிதம் அப்படித்தான் சொல்கிறது. அதை அனுப்பியது யார் என்பதையும் பார்க்க வேண்டும்: அதுவும் ஒரு சபைச் சங்கம். தனிமனித மனச்சாட்சியின் மொழியைப் பேசியவர்கள் அதைக் கூட்டாகவே பேசினார்கள். இதை முரண்பாடு என்று கருதுவது பிற்காலத்தின் பிரிவினையை அவர்கள்மேல் ஏற்றுவதாகும்.

ஆகவே 1769-இன் அமைப்புத் திட்டத்தைச் சபை நிர்வாக ஆவணமாக ஒதுக்கி, 1773-இன் வேண்டுகோளை மட்டும் சமய சுதந்திர ஆவணமாகத் தொகுக்கும் வழக்கம் கைவிடப்பட வேண்டும். பாக்கஸ் அரசிடம் கேட்டதை அவருடைய சங்கம் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தன் சபைகளுக்கு வழங்கிவிட்டது.