மூலை தாண்டிய ஏணி

வேட்டைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மிகவும் சொற்பம். நான் கையில் பிடித்த ஒரே துப்பாக்கி, தீபாவளிக்குக் கேப் வைத்து வெடிக்கும் துப்பாக்கிதான். ஆனாலும் வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஒன்றை எழுதியபோது என் கதாநாயகனைப் புலி வேட்டைக்கு அனுப்பித் தொலைத்தேன். அத்தியாயம் வெளியான மூன்றாம் நாள் வால்பாறையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டுவிட்டார். 'ஐயா, தாங்கள் சொல்லும் இடத்தில் அந்த ஆறு கிழக்கே ஓடாது. மேற்கே ஓடும்' என்று. அன்று முதல் எழுதுவதற்கு முன்னால் வரைபடம் பார்ப்பது என்று வழக்கம் வைத்துக்கொண்டேன். நாளடைவில் வரைபடம் பார்ப்பது நிலைத்து, எழுதுவது குறைந்துபோயிற்று.

2025-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில், டென்வர் நகரத்தில், தங்கை மகன் வீட்டில் ஒரு மாதம் இருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். வாத்தியார் என்றே வைத்துக்கொள்வோம். வேட்டை அவருக்குப் பரம்பரைப் பழக்கம். வடக்கே வயோமிங் மாநிலத்துக்குப் போய் எல்க் என்னும் மானைச் சுடுவார். மான் என்றதும் கண்ணகல நிற்கும் புள்ளிமானை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆண் எல்க் 300 கிலோவுக்குக் குறையாது. நம்முடைய கடமான் அதன் பக்கத்தில் நின்றால் தம்பி மாதிரி இருக்கும்.

ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனபோது, சாப்பாட்டு மேஜை முழுவதும் ஒரு பழைய காகிதப் படம் விரிந்து கிடந்தது. மஞ்சள் ஒரு கட்டம், வெள்ளை ஒரு கட்டம், மறுபடி மஞ்சள், மறுபடி வெள்ளை என்று மேஜையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று.

"இது என்ன, சதுரங்கப் பலகையா?" என்று கேட்டேன்.

"ஆமாம். பலகையைப் போட்டவர் ஆபிரகாம் லிங்கன்" என்றார் வாத்தியார்.

"மாமா, கேட்டு மாட்டிக்கொண்டீர்கள். இனி ராத்திரி சாப்பாடு இங்கேதான்" என்று என் காதோடு சொன்னான் தங்கை மகன்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. ஆனால் அன்று கேட்ட கதையை எந்த விருந்துக்கும் நான் ஈடாகச் சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் 1972-ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற பேச்சே இல்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. காட்டு மிருகம் நிலத்துக்காரனுடைய சொத்து அல்ல, ஜனங்களின் பொதுச் சொத்து என்பது அங்கே பழைய கொள்கை. லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, குறித்த பருவத்தில், குறித்த கணக்குக்குள் யாரும் வேட்டையாடலாம். நிலமும் அப்படித்தான். நில நிர்வாக இலாகா என்று ஒன்று 1946-இல் ஏற்பட்டது. அதன் கையில் மட்டும் 24 கோடியே 50 லட்சம் ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டைப்போல் ஏழு மடங்குக்கு மேல்! தேசிய வனங்கள் இதில் சேராது. படத்தில் இலாகா நிலம் மஞ்சள், தேசிய வனம் பச்சை, மாநில சர்க்கார் நிலம் நீலம், தனியார் நிலம் வெள்ளை. வெள்ளை என்றால் காலி இடம் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கேதான் காவல் அதிகம்.

இனி சதுரங்கத்துக்கு வருவோம்.

சுதந்திரம் வாங்கிய புதிதில் அமெரிக்க சர்க்காரின் கஜானாவில் பணம் இல்லை, நிலம்தான் இருந்தது. அளக்காத நிலத்தை எப்படி விற்பது? 1785-ஆம் வருஷம் மே 20-ந் தேதி ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதை ஒரு மைல் சதுரமாக 36 செக்ஷன்களாகப் பிரிப்பது. செக்ஷனுக்கு 640 ஏக்கர். அந்த வருஷம் செப்டம்பர் கடைசியில், ஓஹியோ ஆற்றங்கரையில், தாமஸ் ஹட்சின்ஸ் என்பவர் முதல் சங்கிலியைப் பிடித்தார். 66 அடி நீளமும் நூறு கண்ணியும் கொண்ட கண்டர் சங்கிலி அது. நம் ஊர் சர்வேயர்கள் வரப்பு வரப்பாக இழுத்த அதே சங்கிலிதான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், அதில் நூறில் ஒன்று சென்ட் என்று நாம் இன்றைக்கும் மனைக்கட்டு பேசுகிறோமே, அந்தக் கணக்கின் தாய் அந்தச் சங்கிலிதான். ஒரே வித்தியாசம்: நம் புலப்படத்தில் கோடு வாய்க்காலுக்கும் வரப்புக்கும் வளைந்து கொடுக்கும். அங்கே மலை வந்தால் மலைமேல் கோடு, ஆறு வந்தால் ஆற்றின் குறுக்கே கோடு.

இந்த 36 செக்ஷன்களுக்கும் எண் போட்டார்கள் அல்லவா? அதில்தான் விதி விளையாடிவிட்டது. 1796-ஆம் வருஷத்துச் சட்டத்திலிருந்து, எண்ணை ஏர் உழுகிற மாதிரி போடுவது என்று ஆயிற்று. வடகிழக்கு மூலையில் 1 என்று ஆரம்பித்து மேற்கே 6 வரை போவது. அங்கே மாடு திரும்பும். 6-க்குக் கீழே 7, பிறகு கிழக்கே 12 வரை, மறுபடி திருப்பம். ஒரு காகிதத்தில் நீங்களே கட்டம் போட்டு எழுதிப் பாருங்கள். எந்த ஒற்றைப்படை எண்ணுக்கும் நாலு பக்கத்திலும் இரட்டைப்படைதான் வரும். ஒற்றைப்படைக் கட்டங்கள் ஒன்றையொன்று தொடுவது மூலையில் மட்டுமே. மாட்டைத் திருப்பாமல் எல்லா வரிசையையும் ஒரே திசையில் எண்ணியிருந்தால், ஒற்றைப்படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பட்டைபட்டையாக அமைந்திருக்கும். அவரவர் பட்டையில் அவரவர் நேராக நடந்து போயிருக்கலாம். நானும் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்திராது.

1862 ஜூலை 1-ந் தேதி லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். உள்நாட்டு யுத்தம் நடக்கிற காலம். ரயில் போடப் பணம் வேண்டும். சர்க்காரிடம் இருந்தது வழக்கம்போல் நிலம். பாதையின் இரு புறமும் பத்து மைலுக்குள் ஒற்றைப்படை செக்ஷன்கள் கம்பெனிக்கு, இரட்டைப்படை சர்க்காருக்கு என்று ஏற்பாடு. 1864-இல் பத்து மைலை இருபதாக்கினார்கள். இதில் ஒரு வியாபார தந்திரமும் உண்டு. ரயில் வந்தால் பக்கத்து நிலத்துக்கு விலை ஏறும். தானம் கொடுத்த பாதியை, மீதிப் பாதியின் விலையை ஏக்கருக்கு இரண்டரை டாலர் என்று இரட்டிப்பாக்கி ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தார்கள். சமவெளியில் கணக்குப் பலித்தது. வயோமிங்கிலோ மழையும் இல்லை, வாங்க ஆளும் இல்லை. கம்பெனி தன் ஒற்றைப்படைகளில் பலவற்றைப் பண்ணைக்காரர்களுக்கு விற்றது. இரட்டைப்படைகள் சர்க்கார் கையிலேயே தங்கி, வாத்தியாரின் படத்தில் மஞ்சளாக நின்றன.

பண்ணைக்காரர்களின் சாமர்த்தியத்தைச் சொல்ல வேண்டும். முள்கம்பி புழக்கத்துக்கு வந்த காலம். கொலராடோவில் ஒருவர் தன் ஒற்றைப்படை நிலத்துக்குள்ளேயே எல்லையோரமாக வேலி போட்டார். ஓர் அங்குலம்கூட சர்க்கார் நிலத்தில் கால் வைக்கவில்லை. ஆனால் வேலி முடிந்தபோது சுமார் 20 ஆயிரம் ஏக்கர் சர்க்கார் நிலம் உள்ளே அடைபட்டிருந்தது! இப்படிப்பட்ட வேலிகளைத் தடுக்க 1885-இலேயே சட்டம் வந்திருந்தது. 'என் நிலத்தில் நான் போட்ட வேலி' என்ற வாதத்தை 1897-இல் சுப்ரீம் கோர்ட்டு ஒப்புக்கொள்ளவில்லை, பிரிக்கச் சொல்லிவிட்டது. ஆனால் 1979-இல் அதே கோர்ட்டு வேறு விதமாகவும் பேசியது. வயோமிங்கில் ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போக, ஆட்டுப் பண்ணை ஒன்றின் மூலை வழியாக சர்க்கார் ரோடு போட்டுவிட்டது. அந்த உரிமை 1862-ஆம் வருஷத்துச் சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கோர்ட்டு கேட்டது. ரோடு போட உரிமை இல்லை. சரி, நடந்து போக? அதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

நாலு கட்டங்கள் கூடும் ஒரு மூலையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரெதிராக இரண்டு மஞ்சள், இரண்டு வெள்ளை. மஞ்சளிலிருந்து மஞ்சளுக்குக் குறுக்கே ஓர் எட்டு வைக்கிறீர்கள். கால் வெள்ளையில் படவில்லை. ஆனால் உங்கள் தோள் எங்கே போகிறது? வெள்ளை நிலத்தின்மேல் உள்ள காற்றில்! மண்ணுக்கு உடையவனே அதற்கு மேலுள்ள ஆகாயத்துக்கும் உடையவன் என்பது பழைய சட்ட வாக்கு. ஒரு மூலைக்கே இந்தப் பாடு என்றால் மொத்தம் எத்தனை மூலை? வேட்டைக்காரர்களுக்கு டெலிபோன் வரைபடம் செய்யும் ஆனெக்ஸ் என்ற கம்பெனி 2022-இல் கணக்கெடுத்தது: 27,120 மூலைகள், அவற்றுக்குப் பின்னால் போக வழியின்றி 83 லட்சம் ஏக்கர் பொது நிலம்.

வரைபடம் சுலபமாகக் கிடைத்ததுதான் சண்டையை முற்றவைத்தது என்பது என் அபிப்பிராயம். வாத்தியாரின் இளமையில் வேட்டைக்குப் போவதென்றால் இலாகா ஆபீசில் வண்ணப் படம், நில அளவைத் துறையின் 24 ஆயிரத்தில் ஒன்று அளவுப் படம், மாநிலத்தின் வேட்டை விதிப் புத்தகம் மூன்றையும் வாங்கி, மலையின் வளைகோட்டையும் நிலத்தின் நிறத்தையும் மனசுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மூலை எது என்று நிச்சயமாகத் தெரியாது. ஆகவே அரை மைல் விலகியே நடப்பார்கள். 2009-இல் மொன்டானா மாநிலத்தில் மேற்படி ஆனெக்ஸ் தோன்றி, நில உரிமை எல்லைகளை ஜி.பி.எஸ். கருவிக்குள் போட்டுக் கொடுத்தது. அது பிறகு டெலிபோனுக்கும் வந்தது. இப்போது மூலை இதோ காலடியில் இருக்கிறது என்று காட்டுகிறது. தாண்டாமல் இருக்க மனம் வருமா?

2020-இல் மிசௌரி மாநிலத்து வேட்டைக்காரர்கள் சிலர், வயோமிங்கில் எல்க் மலை அருகே அப்படி ஒரு மூலைக்கு வந்தார்கள். இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, சங்கிலி கட்டி, அத்துமீறாதே என்று பலகை தொங்கவிட்டிருந்தது பண்ணை. கம்பத்தைப் பிடித்துச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் குதித்தார்கள். அடுத்த வருஷம் கம்பத்தைத் தொட்ட குற்றமும் வேண்டாம் என்று ஓர் இரும்பு ஏணியே செய்து எடுத்து வந்தார்கள்! இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் ஏணி. அத்துமீறல் வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் ஜூரிகள் விடுதலை செய்தார்கள். பண்ணைக் கம்பெனி தனியே நஷ்ட ஈடு கேட்டு வழக்குத் தொடுத்தது. 70 லட்சம் டாலருக்கு மேல் மதிப்புக் குறைந்துவிட்டதாம், ஓர் எட்டினால்! ஒருவருடைய டெலிபோன் படத்தில் தனியார் நிலத்தில் குத்தியிருந்த ஒரு புள்ளியைக்கூட அந்த வழக்கில் அலசினார்கள். நடந்து போய்க் குத்தினாரா, உட்கார்ந்த இடத்திலிருந்து விரலால் குத்தினாரா என்று. அந்த ஒரு கேள்வி கடைசிவரை நின்று, பிறகு கைவிடப்பட்டது.

2023 மேயில் மாவட்ட நீதிபதி வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2025 மார்ச் 18-ந் தேதி அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. அதற்கு அந்த 1885-ஆம் வருஷத்து வேலிச் சட்டமே கைகொடுத்தது. அக்டோபர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அப்பீலை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. வயோமிங், கொலராடோ, யூட்டா முதலிய ஆறு மாநிலங்களுக்கு அந்தத் தீர்ப்புக் கட்டும். மொன்டானா அந்த வட்டாரத்தில் சேராது. அங்கே மூலைகள் பழைய சந்தேகத்திலேயே நின்றன. பண்ணைக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு என்பதை வாத்தியாரே சொன்னார். வேலியை வெட்டிவிட்டு, கதவைத் திறந்து போட்டுவிட்டு, மாட்டை மான் என்று சுட்டுவிட்டுப் போகிறவர்களும் வருகிறார்களே!

"உங்களுக்கு வழிகாட்டி யாராவது உண்டா?" என்று கேட்டேன்.

"வயோமிங்கில் வனாந்தரம் என்று மத்திய சர்க்கார் ஒதுக்கிய காடுகளில் வெளி மாநிலத்தார் பெரிய மிருகம் வேட்டையாடினால் லைசென்ஸ் வாங்கிய வழிகாட்டியோ, உள்ளூர்க்காரரோ கூட இருக்க வேண்டும். சும்மா நடந்து பார்க்க யாரும் வேண்டாம். இந்தச் சட்டத்தை யார் கேட்டு வாங்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று கண்ணைச் சிமிட்டினார். அவர் போகும் மஞ்சள் கட்டங்களில் அந்த விதி கிடையாது. அங்கே படமே வழிகாட்டி.

மேஜைமேல் இருந்த படத்தின் மடிப்புகள் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தது. அந்தக் குறி தன்னுடைய அப்பா போட்டது என்றார். அவருடைய பத்தொன்பதாவது வயதில் இருவரும் அந்த மூலை வரை போய் நின்றார்களாம். எதிரே ஒரு மைல் சதுரம், தேவதாரு மரங்கள், பொது நிலம். அப்பா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நம்முடையதுதான். ஆனால் வேண்டாம்" என்று திரும்பிவிட்டாராம்.

"இந்த வருஷம் என் மகளோடு போனேன். தீர்ப்பு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. டெலிபோன் காட்டிய இடத்தில் மூலை இல்லை. பதினைந்து அடி தள்ளி, புதருக்கு அடியில் சர்வே இலாகாவின் பித்தளை முத்திரை இருந்தது. அரை மணி நேரம் மண்ணைத் தள்ளிக் கண்டுபிடித்தோம். முதலில் அவளைத் தாண்டச் சொன்னேன். பிறகு நான்."

"எல்க் கிடைத்ததா?" என்றான் தங்கை மகன்.

"இல்லை. பழைய சாணிகூட இல்லை" என்று சொல்லிவிட்டு வாத்தியார் படத்தை மெதுவாக, பழைய மடிப்புகளிலேயே மடிக்க ஆரம்பித்தார்.