எடைக்கல் இருந்த இடத்தில் ஒரு செயற்கைக்கோள்

1961 டிசம்பர் 12. கலிஃபோர்னியாவின் வாண்டன்பெர்க் விமானப்படைத் தளத்திலிருந்து தோர்-அஜேனா ராக்கெட் ஒன்று கிளம்பியது. அதன் முதன்மைப் பயணி டிஸ்கவரர் 36. அறிவியல் ஆய்வுக் கலம் என்று வெளியுலகுக்குச் சொன்னார்கள். உண்மையில் அது கொரோனா என்ற உளவுத் திட்டத்தின் கேமராவைச் சுமந்து சென்றது. அந்தத் திட்டத்தின் ரகசியத்தை அமெரிக்க அரசு விலக்கியது 1995இல்தான்.

அதே ராக்கெட்டின் மேல்கட்டத்தில், சமநிலைக்காக வைக்கப்படும் எடைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அங்கே ஒரு சிறு பெட்டியைப் பொருத்தியிருந்தார்கள். எடை ஏறத்தாழ 4.5 கிலோ. அதன் பெயர் ஆஸ்கார் 1. எந்த அலைவரிசையில் பேசும், எப்படிக் கேட்கலாம் என்பதெல்லாம் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டிருந்தன. அதை உருவாக்கியது அரசும் அல்ல, நிறுவனமும் அல்ல. உரிமம் வாங்கி, வருமானம் கருதாமல், சொந்த ஆர்வத்தில் வானொலி நிலையம் நடத்தும் ஹாம்கள் அதை உருவாக்கினார்கள்.

இதற்கான விதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே விழுந்துவிட்டது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலித்தபோது, உலகெங்கும் ஹாம்கள் தங்கள் வீட்டுக் கருவியிலேயே அதைக் கேட்டார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் பார்க்கும் ஆசை வராமல் இருக்குமா? 1959 ஏப்ரலில் டான் ஸ்டோனர் என்ற ஹாம், 'சி.க்யூ.' இதழில் தான் எழுதிவந்த பகுதியில் அந்த ஆசையை வெளிப்படையாகவே எழுதினார். டிரான்சிஸ்டரால் ஆன சிறு வானொலிக் கருவியை வானில் நிறுத்தலாம், யாரிடமாவது உபரியாக ராக்கெட் இருக்கிறதா என்பது அவருடைய கேள்வி. கலிஃபோர்னியாவில் சில ஹாம்கள் அதை வெறும் கேள்வியாக விட்டுவிடவில்லை. 'புராஜெக்ட் ஆஸ்கார்' என்ற குழுவாகத் திரண்டார்கள். அவர்களில் பலருக்கு ராக்கெட், ஏவுகணைத் துறையில்தான் வேலை. ராக்கெட்டில் எங்கே இடம் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. விமானப்படையைச் சம்மதிக்க வைத்தார்கள்.

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பெட்டி அந்த இடத்துக்கு ஏற்றபடி வளைந்திருக்க வேண்டும், ராக்கெட்டின் முக்கியச் சுமைக்கு எள்ளளவும் இடைஞ்சல் தரக் கூடாது. இதற்குள் எதை வைப்பது என்பதைவிட, எதையெல்லாம் விடுவது என்பதில்தான் அவர்களுடைய திறமை தெரிந்தது. சூரியத் தகடுகள் வேண்டாம், பாட்டரி தீரும்வரை ஓடட்டும் என்று முடிவெடுத்தார்கள். தரையிலிருந்து கட்டளை வாங்கும் வசதியும் இல்லை. 144.983 மெகாஹெர்ட்ஸில் 140 மில்லிவாட் ஆற்றலுடன் பேசும் ஒரு டிரான்ஸ்மிட்டர், குச்சி போன்ற ஓர் ஆன்டெனா, அவ்வளவுதான். டார்ச் லைட்டின் சிறு பல்பு எரிவதற்குக்கூட அதைவிட அதிக மின்சாரம் வேண்டும். ராக்கெட்டிலிருந்து பெட்டியைத் தள்ளிவிட, சியர்ஸ் கடையில் 1 டாலர் 15 சென்டுக்கு வாங்கிய சுருள்வில் போதுமானதாக இருந்தது. முதன்மைக் கலத்தோடு துணையாகப் போய், தனியே பிரிந்து, தனக்கென ஒரு சுற்றுப்பாதையில் சுற்றியது ஆஸ்கார் 1. இன்று ஒரே ராக்கெட்டில் டஜன் கணக்கில் சிறு செயற்கைக்கோள்கள் போகின்றனவே, அந்த வழக்கத்தின் ஆரம்பகால உதாரணங்களில் இதுவும் ஒன்று.

மேலே போன ஆஸ்கார் மோர்ஸ் ஒலியில் இரண்டே எழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொன்னது: 'ஹெச்', 'ஐ'. நான்கு புள்ளி, பிறகு இரண்டு புள்ளி. வெறும் வணக்கமாகத் தோன்றும் இந்த ஒலிக்குள் ஓர் அளவுமானியும் இருந்தது. பெட்டியின் உள்வெப்பம் மாற மாற, அந்த எழுத்துகள் ஒலிக்கும் வேகமும் மாறும்படி மின்சுற்றை அமைத்திருந்தார்கள். தரையில் இருப்பவர் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை 'ஹெச்.ஐ.' வருகிறது என்று எண்ணினால் போதும், செயற்கைக்கோளின் வெப்பநிலை தெரிந்துவிடும்.

ஏறக்குறைய துருவங்களை ஒட்டிய பாதை என்பதால், சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வந்த ஆஸ்கார் உலகின் பெரும்பகுதிக்கு மேலே கடந்து சென்றது. 28 நாடுகளிலிருந்து 570க்கும் மேற்பட்ட ஹாம்கள் தாங்கள் கேட்டதைக் குறித்து அனுப்பினார்கள். உலகம் முழுவதும் கண்காணிப்பு நிலையங்கள் அமைக்க ஓர் அரசுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்! இங்கே தூக்கம் விழித்துக் கேட்டவர்கள் அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்து முடித்தார்கள்.

சுமார் மூன்று வாரத்தில் ஒலி நின்றது. 1962 ஜனவரி 31 அன்று ஆஸ்கார் வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோனது. ஆனால் அந்தக் குறிப்புகள் வீணாகவில்லை. பெட்டி எதிர்பார்த்ததைவிடச் சூடாகியிருந்தது அவற்றிலிருந்து தெரிந்தது. அடுத்த செயற்கைக்கோளின் மேற்பூச்சை மாற்றினார்கள். 1962 ஜூன் 2 அன்று ஏவப்பட்ட ஆஸ்கார் 2, அந்தத் திருத்தத்தோடு போனது.

ஆஸ்காரின் எளிமையைப் பணமில்லாதவர்களின் சிக்கனம் என்று மட்டும் பார்ப்பது சரியல்ல. வேலையில் பாதியைக் கேட்பவர்களிடம் ஒப்படைத்ததால்தான் செயற்கைக்கோள் அவ்வளவு எளிமையாக இருக்க முடிந்தது. தரையில் ஆயிரம் காதுகள் தயாராக இருக்கும்போது, மேலே போகிற பெட்டி எல்லாம் தெரிந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஹாம் செயற்கைக்கோள்களின் வரலாறு இந்த நம்பிக்கையின் மீதுதான் எழுந்து நிற்கிறது.

இதே நம்பிக்கையோடு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழக மாணவர்கள் தச்சர்கள் வைத்திருக்கும் எஃகு அளவு நாடாவை ஆன்டெனாவாக்கி ஒரு செயற்கைக்கோளைக் கட்டினார்கள். 1970இல் விண்ணுக்குப் போன அந்த ஆஸ்கார் 5இன் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)