சமையலறைக் கணினி முதல் பகிரும் நாட்காட்டி வரை

1969-ல் அமெரிக்காவின் நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடை, தன் கிறிஸ்துமஸ் விற்பனைப் பட்டியலில் ஒரு விசித்திரமான பொருளைப் போட்டது. பெயர் 'சமையலறைக் கணினி'. தயாரித்தது ஹனிவெல் நிறுவனம். விலை 10,600 டாலர்! சமையல் குறிப்புகளைச் சேமித்து வைத்து இல்லத்தரசிக்கு உதவும் என்று விளம்பரம். ஆனால் இன்றைய கணினி போல அதில் திரை கிடையாது. முன்பக்க சுவிட்சுகளைத் தட்டித்தான் தகவலை உள்ளே அனுப்ப வேண்டும். விடை, எரிந்து அணையும் விளக்குகளாக வரும். இதைப் பழகிக்கொள்ள இரண்டு வாரப் பயிற்சி வேறு. ஒன்றுகூட விற்றதற்கு ஆதாரம் இல்லை.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் இதில் ஒரு பாடம் இருக்கிறது. வீட்டை நடத்துவதில் எது கஷ்டம் என்று யாரும் கேட்கவே இல்லை. சமையல் குறிப்பு ஒரு புத்தகத்தில் கிடைத்துவிடும். பள்ளிக் கட்டணத்தின் கடைசித் தேதி, குழந்தையின் அடுத்த தடுப்பூசி, மின்கட்டணம், உறவினர் வீட்டுத் திருமணம்... இவற்றை மறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். பல வீடுகளில் இந்த ஞாபகம் முழுவதும் ஒரே ஒருவர் தலையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் அது அம்மாவின் தலை.

சரி, ஞாபகப்படுத்தும் வேலை கணினிக்கு எப்போது வந்தது?

1971-ல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காட்டினார். 1979-ல் பெல் ஆய்வகம் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் 'கேலண்டர்' என்றொரு கட்டளை இருந்தது. தேதியும் விஷயமும் ஒரு கோப்பில் வரிவரியாக எழுதி வைத்தால் போதும். இன்றைக்கும் நாளைக்கும் உரிய வரிகளை மட்டும் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடும். வார இறுதி வந்தால் 'நாளை' என்பதைத் திங்கட்கிழமை வரை நீட்டிக்கொள்ளும்! நாட்காட்டியும் மின்னஞ்சலும் அப்போதே கைகோத்துவிட்டன. ஆனால் யூனிக்ஸ் இருந்தது ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும்தான், வீட்டில் அல்ல.

அடுத்து வந்தவையும் அலுவலகத்தை நினைத்தே செய்யப்பட்டவை. 1992-ல் வந்த லோட்டஸ் ஆர்கனைசர், திரையில் ஒரு டைரி போலவே தோன்றும், பக்கம் புரட்டலாம். 1996-ல் சட்டைப் பையில் அடங்கும் பாம் பைலட் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், அளவு சரியாக இருக்குமா என்று பார்க்க ஒரு மரக்கட்டையைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். 1997-ல் மைக்ரோசாஃப்ட் அவுட்லுக் மின்னஞ்சல், நாட்காட்டி, முகவரிகள், வேலைப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் சேர்த்தது.

அலுவலகத்தில் ஒருவர் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்று மற்றவர் பார்க்க முடிந்தது. காரணம், நடுவில் ஒரு சர்வர் இருந்தது. வீட்டில் சர்வர் ஏது? கணவர் கணினியில் இருப்பது மனைவிக்குத் தெரியாது. ஆளுக்கொரு டைரி, அவ்வளவுதான். சமையலறைச் சுவரில் தொங்கும் காகித நாட்காட்டி இதைவிட மேல். அதை வீட்டில் எல்லோரும் பார்க்கலாம்!

இந்தச் சுவரை உடைத்தது ஒரு புதிய கருவி அல்ல, ஒரு பொது மொழி. 1998 நவம்பரில் 'ஐகேலண்டர்' என்ற தர வரையறை வெளியானது. எழுதியவர்கள் இருவர்: ஒருவர் லோட்டஸைச் சேர்ந்தவர், மற்றவர் அதன் போட்டியாளரான மைக்ரோசாஃப்டைச் சேர்ந்தவர். ஒரு நிகழ்ச்சி எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்பதையெல்லாம் சாதாரண எழுத்தில் குறிக்கும் முறை அது. அதே மாதம், இத்தகைய அழைப்புகளை மின்னஞ்சலில் அனுப்பும் விதிகளும் வந்தன. இனி யார் எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் நிகழ்ச்சியைப் பரிமாறிக்கொள்ளலாம்.

பலன் சில ஆண்டுகளில் தெரிந்தது. 2002-ல் ஆப்பிளின் ஐகால், நாட்காட்டியை இணையத்தில் வெளியிட வழி செய்தது. 2006 ஏப்ரலில் கூகுள் நாட்காட்டி வந்தது. உலாவி இருந்தால் போதும், காசும் வேண்டாம். ஒரே நாட்காட்டியைக் குடும்பமே பார்க்கலாம், திருத்தலாம். அலுவலகத்தின் சர்வர் ஒருவழியாக வீட்டுக்கும் கிடைத்துவிட்டது.

அப்படியானால் அம்மாவின் தலைச்சுமை இறங்கிவிட்டதா?

2019-ல் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டு யோசனை வேலையை அவர் நான்காகப் பிரிக்கிறார்: தேவையை முன்கூட்டியே உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் இருவரும் ஓரளவு பங்கெடுத்தார்கள். ஆனால் முன்கூட்டியே உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்களிடமே இருந்தன.

மென்பொருளின் எல்லை இங்கேதான் இருக்கிறது. எழுதி வைத்ததை அது எல்லோருக்கும் ஞாபகப்படுத்தும். எழுத வேண்டும் என்று முதலில் ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே! 1969-ல் இல்லத்தரசிக்கு ஒரு இயந்திரத்தை விற்கப் பார்த்தார்கள். வீட்டுக்கு உண்மையில் தேவைப்பட்டது எல்லோரும் எழுதும் ஒரு நாட்காட்டி. அது இப்போது இலவசமாகவே கிடைக்கிறது. அதில் தடுப்பூசித் தேதியை அப்பாவும் எழுதுகிறாரா என்பது மட்டும் எந்த மென்பொருளின் கையிலும் இல்லை.